சீரியல் கீபோர்டிலிருந்து இருபது நிமிடப் பாட்டுக்கு

சித்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆந்திரச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் ஒரு அறையில் கம்ப்யூட்டரும் சின்ன மிடி கீபோர்டும் வைத்துக்கொண்டு, இரண்டு மலையாள சீரியலுக்கும் ஒரு தமிழ் சீரியலுக்கும் பின்னணி இசை போட்டுக் கொடுக்கிறாராம். அவர் கேட்டது இதுதான்: டிவிக்கு எலக்ட்ரானிக் இசை போட்டவர்கள் யாராவது ப்ராக்ரஸிவ் ராக் பக்கம் போயிருக்கிறார்களா? போனவர்களுக்கு என்ன ஆச்சு? நான் இருபது நிமிடத்தில் ஒரே பாட்டு போட நினைக்கிறேன், உருப்படுமா? அதற்கு என்ன கீபோர்டு வாங்கலாம்?

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி ட்ரூப்புகளில் கீபோர்டு வாசித்து, அப்புறம் கொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் சீரியல் ரீ-ரெக்கார்டிங்கில் பல வருடம் ஓட்டியவன். இதே ஆசை எனக்கும் வந்தது. கையைச் சுட்டுக்கொண்டேன். அந்தக் கதையும் உண்டு.

ப்ராக்ரஸிவ் ராக் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1960-களின் கடைசியில், மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்த இங்கிலாந்து ராக் குழுக்கள் தொடங்கி வைத்தது. ஒரே பாட்டு ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' (1971) 23 நிமிடத்துக்கு மேல். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) 18 நிமிடத்தைத் தாண்டும். தாளம் நாலில் நிற்காது. ஐந்து, ஏழு, பதினொன்று என்று போகும். கீபோர்டுக்குக் கிதாருக்குச் சமமான நாற்காலி உண்டு.

பாலக்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஐந்தும் ஏழும் பூச்சாண்டி இல்லை. மணி ஐயர் மிருதங்கம் வாசித்த மண், செம்பை பாடிய மண். கல்பாத்தியில் பஜனை மடத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பையன்கூட ஏழு தட்டுள்ள மிஸ்ர சாபுவைத் தொடையில் தட்டிவிடுவான். உங்களுக்குச் சிக்கல் வரப்போவது தாளத்தில் இல்லை, நீளத்தில்.

சீரியல் நம் கைக்கு என்ன பழக்கம் கொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாமியார் திரும்பினால் ஒரு அடி. மூன்று பேர் முகத்தைக் காட்டினால் மூன்று அடி. நாற்பது நொடி சோகம், பத்து நொடி சஸ்பென்ஸ், பிரேக். வெட்டுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒரு இடத்தில் கிளம்பி இன்னொரு இடத்துக்கு நடந்து போவது எப்படி என்று அந்த வேலை நமக்குச் சொல்லித் தருவதே இல்லை. டிவியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் இதில்தான் முட்டியிருக்கிறார்கள்.

முதலில் டெலியா டெர்பிஷையர். இவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1937-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணக்கும் இசையும் படித்தார். டெக்கா ரெக்கார்டு கம்பெனியில் வேலை கேட்கப் போனபோது, ஸ்டூடியோவில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1960-ல் பிபிசியில் சேர்ந்து, 1962-ல் அங்கே இருந்த ரேடியோஃபானிக் ஒர்க்‌ஷாப்புக்கு மாறினார். வானொலி, டிவி நிகழ்ச்சிகளுக்கு வாத்தியத்தில் கிடைக்காத சத்தங்களைச் செய்து கொடுக்க 1958-ல் தொடங்கிய பிரிவு அது. பெயரைக் கேட்டால் லேத் பட்டறை மாதிரி இருக்கும். வேலையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடர் தொடங்கியது. அதன் டைட்டில் மெட்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர் ரான் கிரெய்னர். அதைச் சத்தமாக்கியது டெலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும். அப்போது அவர்கள் கையில் சிந்தசைசர் கிடையாது. மல்டி டிராக் ரெக்கார்டரும் கிடையாது. அந்தத் 'தும்-திதி தும்-திதி' பேஸ் இருக்கிறதே, அது ஒரே ஒரு கம்பியைச் சுண்டிய சத்தம். அதை டேப்பில் பிடித்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு சுரமாக எடுத்து, ஒவ்வொன்றையும் வேண்டிய நீளத்துக்குப் பிளேடால் நறுக்கி ஒட்டினார்கள். மேலே வழுக்கிக்கொண்டு போகிற மெட்டு, ஒரே சீராகச் சத்தம் எழுப்புகிற சோதனைக்கூட ஆசிலேட்டரின் குமிழைக் கையால் திருப்பி எடுத்தது. இப்படி மூன்று ரீல் தயார் செய்து, மூன்று மெஷினையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஒரு தடவை எங்கோ ஒரு சுரம் இடறியது, எங்கே என்று தெரியவில்லை. மூன்று டேப்பையும் நீண்ட நடைவழியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, எந்த ஒட்டு மற்றதோடு சேரவில்லை என்று கண்ணால் தேடிப் பிடித்தார்கள் என்று மில்ஸ் சொல்லியிருக்கிறார். நம் நெசவுக்காரர்கள் தெருவில் பாவு விரித்து அறுந்த இழை தேடுவார்களே, அதேதான்.

கிரெய்னர் அதைக் கேட்டு அசந்துபோய் ராயல்டியில் பாதியை டெலியாவுக்குக் கொடுக்கப் பார்த்தார். பிபிசி விதி இடம் தரவில்லை. ஒர்க்‌ஷாப் ஆட்களின் தனிப்பெயர் அப்போது திரையில் வராது. அந்தத் தொடரின் திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013-ல், ஐம்பதாவது ஆண்டு சிறப்பு எபிசோடில். அவர் 2001-லேயே இறந்துவிட்டார். பெயர் வராமல் சீரியலுக்கு இசை போடுகிற தம்பிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த டெலியாதான் 1968-ல் ராக் பக்கம் வந்தார். டேவிட் வோர்ஹாஸ் என்று ஒருவர், டபுள் பேஸ் வாசிப்பவர், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். டெலியாவின் ஒரு சொற்பொழிவைக் கேட்கப் போய் அவரோடும், ஒர்க்‌ஷாப்பில் உடன் வேலை செய்த பிரையன் ஹாட்ஜ்சனோடும் சேர்ந்துகொண்டார். ஹாட்ஜ்சன் யாரென்றால், 'டாக்டர் ஹூ'வில் காலப் பயணம் போகிற அந்த நீலப் பெட்டி கிளம்பும்போது வருகிற இரைச்சலைச் செய்தவர். வீட்டுச் சாவியைப் பியானோவின் பேஸ் கம்பியில் தேய்த்து எடுத்தது. மூவரும் லண்டன் கேம்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோ அமைத்து, தங்கள் குழுவுக்கு 'ஒயிட் நாய்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சிங்கிள் போடலாம் என்று போனவர்களிடம் ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் கிறிஸ் பிளாக்வெல் முழு ஆல்பமே கேட்டுவிட்டார். பகலில் ஆபீஸ் வேலை, மிச்ச நேரத்தில் டேப் நறுக்குவது. கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்தது. 'ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம்' 1969-ல் வெளியானது. அப்போது பெரிதாக விற்கவில்லை. அப்புறம்தான் ஆட்கள் தேடித் தேடிக் கேட்டார்கள்.

அது ப்ராக் ராக்தானா என்று வாதம் வரும். முதல் பக்கத்தில் இருப்பவை சின்னச் சின்னப் பாட்டுகள், அந்தக் காலத்துச் சைக்கடெலிக் பாணி. இரண்டாவது பக்கம்தான் நமக்கு வேண்டியது. அதில் இரண்டே உருப்படி. முதலாவது 'தி விசிட்டேஷன்', 11 நிமிடம். மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்த ஒருவன் காதலியைத் தேடி வருகிறான், அவள் அழுகிறாள், அவனால் தொட முடியவில்லை. ரெக்கார்டில் 11 நிமிடம் நம்மைப் பிடித்து உட்கார வைப்பது இசை அமைப்பு இல்லை, கதை. வானொலி நாடகத்துக்குச் சத்தம் செய்து பழகிய கை, நீளத்தைச் சமாளிக்கத் தனக்குத் தெரிந்த வழியைப் பிடித்துக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கதை தெரிந்த பிறகு மூன்றாவது தடவை கேட்கும்போது நடுவில் கொஞ்சம் தொய்கிறது. எனக்குத் தொய்கிறது, உங்களுக்கு எப்படியோ.

இரண்டாவது உருப்படி வேறு கதை. கம்பெனிக்காரர்கள் பொறுமை இழந்து ஆல்பத்தைக் கேட்டு நெருக்கவும், மிச்சமிருந்த ஏழு நிமிடத்தை ஒரே மூச்சில் முடித்தார்கள். பால் லிட்டன் என்ற டிரம்மரை உட்கார வைத்து அடிக்கவிட்டு, அதன்மேல் எதிரொலியையும் அலறலையும் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் நறுக்கி ஒட்டியதைவிட, அவசரத்தில் செய்த இதுதான் எனக்கு உயிரோடு இருக்கிறது. காரணம் அந்த டிரம்மர். காலத்தைக் கையால் தள்ளிக்கொண்டு போக ஒரு மனுஷன் உள்ளே இருக்கிறான். மற்ற எல்லா இடத்திலும் காலம் பிளேடால் அளந்தது.

பிளேடு கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' (1973) தொடங்கும்போது கல்லாப்பெட்டியும் சில்லறையும் தாளத்தில் கிலுங்குமே, அதுவும் டேப்பை அளந்து நறுக்கி ஒட்டி, சுற்றாக ஓடவிட்டதுதான். ஏழு தட்டு. ஒர்க்‌ஷாப்பில் தினமும் செய்துகொண்டிருந்த அதே வேலை. ஆனால் ஃப்ளாய்டு செய்தது ஒன்று உண்டு: சுற்றை முன்னால் ஓடவிட்டு, பேஸ் கிதார் அதன்மேல் ஏறியதும் அதைக் கழற்றிவிட்டார்கள். அப்புறம் வேகம் மனுஷர்கள் கையில். பாட்டு நடுவில் கிதார் சோலோவுக்கு ஏழிலிருந்து நாலுக்கு மாறுகிறது, திரும்ப ஏழுக்கு வருகிறது.

இன்னொரு உறவும் இருக்கிறது. டெலியாவும் ஹாட்ஜ்சனும் 1966-ல் பீட்டர் ஜினோவீஃப் என்பவரோடு சேர்ந்து 'யூனிட் டெல்டா பிளஸ்' என்று ஒரு சின்ன அமைப்பு நடத்தினார்கள். ஜினோவீஃபின் ஈஎம்எஸ் கம்பெனிதான் 1969-ல் விசிஎஸ்-3 என்ற சின்ன சிந்தசைசரை வெளியிட்டது. அதன் அடுத்த வடிவமான சிந்தி ஏகேஎஸ்ஸில்தான் ஃப்ளாய்டு 'ஆன் தி ரன்' செய்தார்கள். அதற்கு முன் 1971-ல் 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டின் நடுவில் 'டாக்டர் ஹூ' மெட்டையே ஒரு கீற்று தொட்டுக் காட்டியிருப்பார்கள். டிவிக்காரர்கள் ப்ராக் ராக்குக்கு ஆளாகப் போனது கொஞ்சம்தான். ஆனால் அவர்களுடைய பட்டறைச் சாமான் முழுக்க அங்கே போய்ச் சேர்ந்தது.

ஒர்க்‌ஷாப்பிலேயே இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன். பேடி கிங்ஸ்லண்ட் 1973-ல் 'ஃபோர்த் டைமென்ஷன்' என்று ஒரு ஆல்பம் போட்டார். சிந்தசைசரோடு டிரம்ஸ், கிதார் எல்லாம் உண்டு. காதுக்கு இதம், ஆனால் ஒவ்வொன்றும் டைட்டில் மியூசிக் நீளத்திலேயே முடிந்துவிடும். டிவிக்காரர் கையெழுத்து மாறவில்லை. பீட்டர் ஹோவெல் எதிர்த்திசையில் வந்தவர். ஃபோக் ராக் குழுக்களில் பாடி, சொந்தமாகச் சில ஆல்பம் போட்டு, 1974-ல் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். 1980-ல் 'டாக்டர் ஹூ' மெட்டைச் சிந்தசைசரில் புதிதாகச் செய்தது அவர்தான்.

இனி வாங்கெலிஸ். கிரேக்கர். 1970-களின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்துகொண்டு, ஃப்ரெடெரிக் ரோசிஃப் எடுத்த விலங்குகள் பற்றிய டிவி ஆவணத் தொடருக்கு இசை போட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில் 'அஃப்ரோடைட்ஸ் சைல்டு' என்ற தன் குழுவோடு '666' என்று இரட்டை ஆல்பம். பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம்தான் அதற்குப் பொருள். 1972-ல் வெளிவந்தபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். 1974-ல் யெஸ் குழுவில் ரிக் வேக்மேன் விலகியபோது, பாடகர் ஜான் ஆண்டர்சன் வாங்கெலிஸை அழைத்தார். ஒத்திகையெல்லாம் பார்த்தார்கள். பொருந்தவில்லை. கடைசியில் பாட்ரிக் மொராஸ் வந்தார்.

ஏன் பொருந்தவில்லை? இது என் கணிப்பு. வாங்கெலிஸுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதவோ படிக்கவோ தெரியாது. உட்கார்ந்தால் அந்த நேரத்தில் கையில் வருவதுதான் இசை. படத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்து முடிப்பவர். யெஸ் மாதிரிக் குழுவுக்கு 18 நிமிடத்தையும் தினம் அதே மாதிரி வாசிக்கிற ஆள் வேண்டும். சாஹித்யம் மாறாமல் கீர்த்தனை பாடுகிற இடத்தில் ராக ஆலாபனைக்காரரைக் கொண்டுபோய் உட்கார வைத்த மாதிரி. இரண்டும் உயர்ந்ததுதான், ஒரே பாயில் உட்காராது. அப்புறம் ஆண்டர்சன் இவர் வழிக்கு வந்தார்: 1975-ல் வாங்கெலிஸின் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தில் பாடினார். அந்த ஆல்பத்தின் ஒரு பகுதியைத்தான் 1980-ல் கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' டிவி தொடர் முகப்பு இசையாக எடுத்துக்கொண்டது. சுற்றி வந்து மறுபடி டிவி!

யான் ஹாமர் இதற்குத் தலைகீழ். 1948-ல் பிராகில் பிறந்து அமெரிக்கா போனவர். 1971-ல் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு. 1973-ல் வந்த 'பர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பதினெட்டுத் தட்டில் ஓடும். ஜாஸ்காரர்களும் ராக்காரர்களும் இன்னும் அதை யாருடையது என்று சண்டை போடுவார்கள். அங்கே பழகிய கையோடு 1984-ல் 'மயாமி வைஸ்' தொடருக்கு வந்தார். வாரம் ஒரு எபிசோடு, நியூயார்க்குக்கு வடக்கே தன் வீட்டு ஸ்டூடியோவில் தனி ஆளாக. 1985 நவம்பரில் அந்த டைட்டில் மியூசிக் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதல் இடம் பிடித்தது. நீளத்தில் நடந்து பழகியவர் வெட்டுக்கு வந்தால் சுலபமாக இருக்கிறது. வெட்டிப் பழகியவர் நீளத்துக்கு வரும்போதுதான் மூச்சு வாங்குகிறது. ஹாமரின் டிவி இசையைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத் துண்டுகூட எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போகிற மாதிரி இருக்கும்.

சரி, என் கதை. தொண்ணூறுகளின் கடைசி. என்னிடம் ஒரு ரோலண்ட் எக்ஸ்பி-50 இருந்தது. ஃப்ளாப்பி நிறைய சீரியல் துண்டுகள்: சோகம் 1, சோகம் 2, சூழ்ச்சி, கோயில் மணி. பொள்ளாச்சியிலிருந்து ஒரு டிரம்மர், பாலக்காட்டிலிருந்து ஒரு பேஸ் கிதார், கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து செண்டை வாசிக்கிற ஒரு பையன். நாலு பேரும் சேர்ந்து ஏழு தட்டில் 22 நிமிட உருப்படி ஒன்று தயார் செய்தோம். வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு மோட்டார் ரூமில்தான் ஒத்திகை. கள்ளு இறக்குகிறவர்தான் எங்கள் முதல் ரசிகர். இரண்டாவது நாள் முதல் அவர் வேறு தோப்பில் முதலில் ஏறிவிட்டு இங்கே கடைசியாக வர ஆரம்பித்தார்.

ஒரு கோயில் உற்சவத்தில், கானமேளா தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் தருவதாகக் கமிட்டியில் சொன்னார்கள். ஏறினோம். நாலாவது நிமிடத்தில் ஜனங்கள் கை தட்டினார்கள். ஆகா என்று இருந்தது. பத்தாவது நிமிடம் மறுபடி தட்டினார்கள். பதினைந்தில் ஒரு தடவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொரு தடவையும் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் தட்டுகிறார்கள். நிஜமாகவே முடித்தபோது ஒருவரும் தட்டவில்லை, இன்னும் வரும் என்று பயந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று ராத்திரி டீக்கடை பெஞ்சில் அந்தச் செண்டைப் பையனின் ஆசான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "வாசிப்பு நல்லாத்தான் இருந்தது மாஷே. ஆனா நீங்க நாலு தடவை வீட்டை விட்டுக் கிளம்பினீங்க, நாலு தடவையும் திரும்பி வந்துட்டீங்க." அப்புறம் பெஞ்சில் விரலால் தட்டி, கோயில் உற்சவத்தில் செண்டைக் கூட்டம் கொட்டுகிற பஞ்சாரி மேளத்தைக் காட்டினார்.

பஞ்சாரி உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்தக் கண்ணால் பார்த்திருக்கமாட்டீர்கள். அது ஐந்து காலம். முதல் காலமான பதிகாலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அடுத்தது 48. அப்புறம் 24, 12, கடைசியில் 6. ஒவ்வொன்றிலும் சுற்று பாதியாகச் சுருங்குகிறது. முழுதாகக் கொட்டினால் இரண்டு மூன்று மணி நேரம். புதிய மெட்டு என்று ஒன்றும் வராது. இடையில் எங்கும் வெட்டு இல்லை. வேகம் துளித்துளியாக ஏறுகிறது. ஒரு காலம் முடிந்து அடுத்த காலம் விழும்போது, எப்போது மாறியது என்று தெரியாமல் நம் தலை மட்டும் வேறு வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கடைசி ஆறில் கை தானாக மேலே எழும்புகிறது என்றால், 96-ல் நம்மை நிற்க வைத்ததால்தான். நடுவிலிருந்து வந்து கேட்கிறவனுக்கு வெறும் சத்தம்தான் கேட்கும்.

நாங்கள் செய்தது நாலு சீரியல் துண்டை வரிசையில் வைத்தது. ஏழு தட்டு என்கிற சட்டையை மாட்டிவிட்டால் ப்ராக் ராக் ஆகிவிடும் என்று நம்பினோம். ஆசான் சொன்ன பிறகு யெஸ்ஸையும் ஃப்ளாய்டையும் மறுபடி போட்டுக் கேட்டேன். முதல் ஐந்து நிமிடத்தில் அவர்கள் எவ்வளவு கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

நம் பக்கத்தில் இதைச் சரியாகப் பிடித்தவர்கள் பின்னால் வந்தார்கள். கொச்சியின் மதர்ஜேன் குழு 2008-ல் போட்ட 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கிதாரில் கமகத்தை இழுத்து நடப்பதைக் கேளுங்கள். பெங்களூரின் அகம் குழு, நம்ம ஷொர்ணூர்க்காரர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடுவது. டிவி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் வெளிச்சத்துக்கு வந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் பிடித்துக்கொண்டது கீர்த்தனையின் நடையை, டிவியின் நடையை இல்லை. மலையாளக் கப்பா டிவி மேடையில் முளைத்த தைக்குடம் பிரிட்ஜ் குழுவில் வயலினோடு நின்ற கோவிந்த் வசந்தா, 2018-ல் '96' படத்துக்கு இசை போட்டதை நீங்கள் அறிவீர்கள். (96 என்ற எண் என்னைத் துரத்துகிறது.)

ஆக, தம்பி, உருப்படுமா என்றால் உருப்படும். உங்களிடம் இருப்பது டெலியாவிடம் இல்லாத வசதி. அவர் மாதக்கணக்கில் நறுக்கியதை நீங்கள் ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம். அதுதான் ஆபத்தும். ஒட்டுவது சுலபமாகிவிட்டதால் ஒட்டிக்கொண்டே போவீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். நீங்கள் போட்டதிலேயே உங்களுக்குப் பிடித்த ஒரு நாற்பது நொடித் துண்டை எடுங்கள். ஒன்றே ஒன்று, நாலு வேண்டாம். அதைப் பதினாறு மடங்கு நீட்டி எழுதுங்கள், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற மாதிரி. அதுதான் முதல் காலம். பிறகு எட்டு மடங்கு, நாலு மடங்கு, இரண்டு, கடைசியில் அசல் நாற்பது நொடி. கூட்டிப் பாருங்கள், இருபது நிமிடம் தானாக வந்துவிடும். சீரியல் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த மெட்டு கடைசி நாற்பது நொடியில்தான் முகம் காட்டும். வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற கிளிக் சத்தத்தை அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் டெம்போவை நூலிழை நூலிழையாக ஏற்றி ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிரம்ஸ் மட்டும் ஆள் வாசிக்கட்டும். உங்களோடு சண்டை போடுகிற ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. பேட் என்கிற நீண்டு ஒலிக்கும் கீபோர்டு சத்தத்தைப் பின்னால் பரப்பி இடைவெளியை மூடுகிற சீரியல் புத்தி உங்களுக்கு வரும், எனக்கு இன்னும் வருகிறது. இடைவெளி வந்தால் வரட்டும்.

கீபோர்டு ஒன்றும் வாங்க வேண்டாம். இருப்பது போதும். அந்தப் பணத்தில் டிரம்மருக்கும் செண்டைக்காரருக்கும் பத்து நாள் ஒத்திகைக் கூலி கொடுத்துவிடலாம், சாப்பாடும் போடலாம். இந்த உற்சவ சீசனில் பஞ்சாரி கொட்டுகிற இடத்துக்குப் பதிகாலம் தொடங்குவதற்கு முன்பே போய் நில்லுங்கள், கூட்டம் சேர்ந்த பிறகு இல்லை. போனைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, முதல் சுற்றின் 96-ஐ விரலில் எண்ணிப் பாருங்கள். நான் மூன்று தடவை முயன்று, அறுபதைத் தாண்டியதில்லை.